செவிலியர் கல்வியை சர்வதேசத் தரத்துக்கு உயர்த்தினால், பழைய முறையில் படித்து வேலையில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

இதற்கு நல்ல உதாரணம் போலந்து. அங்கே பல பத்தாண்டுகளாக, ஆரம்பக் கல்வி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஐந்தாண்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்து செவிலியர் ஆனார்கள். 1990களில் அந்தப் பள்ளிகள் மூடப்பட்டு, செவிலியர் படிப்பு படிப்படியாக உயர்கல்விக்கு மாறியது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் தயாரிப்பும் இதை வேகப்படுத்தியது. ஒன்றியத்தின் விதிப்படி பொதுச் செவிலியர் பயிற்சிக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் வேண்டும். அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடியாகப் பெறும் பயிற்சி, மூன்றில் ஒரு பங்காவது பாடம்.

சரி, புதிதாகச் சேருபவர்களுக்கு இது போதும். ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள்? 2004இல் போலந்து ஒன்றியத்தில் சேர்ந்தபோது, மற்ற உறுப்பு நாடுகளில் அவர்களுடைய பழைய டிப்ளமோவுக்கு அங்கீகாரம் கிடைக்க, அண்மையில் தொடர்ச்சியாகச் சில ஆண்டுகள் வேலை செய்ததற்கான சான்றும் தேவைப்பட்டது. குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி விட்டவர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காகவே, பழைய டிப்ளமோ உள்ளவர்களைப் பட்டம் வரை கொண்டுசெல்லும் இணைப்புப் படிப்பு வந்தது. முன்பு என்ன படித்தார்கள் என்பதைப் பொறுத்து அதன் கால அளவு மாறும், முடித்தால் இளநிலைப் பட்டம். வேலையை விடாமலே படிக்கலாம். பின்னாளில் ஒன்றியம் வேலைவாய்ப்புக்கும் பயிற்சிக்கும் உதவும் ஐரோப்பிய சமூக நிதியிலிருந்து பணமும் வந்ததால் பலர் கட்டணமின்றிப் படித்தார்கள்.

என்னைக் கேட்டால், சீர்திருத்தம் திட்டமிடும் எந்த நாடும் புதிய பாடத்திட்டத்தோடு சேர்த்தே இந்த இணைப்புப் படிப்புக்கும் நிதி ஒதுக்க வேண்டும். இரவு ஷிப்ட் பார்ப்பவர் சொந்தக் காசில் கட்டணம் கட்டிப் படிக்கட்டும் என்பது நியாயமே இல்லை.