இலவசப் பள்ளிக்கு இரண்டு மடங்கு வாடகை

வணக்கம் ஐயா,

கணவரின் வேலை காரணமாக டெக்சஸுக்குக் குடிபோகிறோம். இங்கே 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டினாலே கட்டணம் கூடிவிடுகிறது. அமெரிக்காவில் அது அரசுப் பள்ளி, இலவசம். இங்கிலாந்திலோ பணக்காரர் பள்ளி. ஏன் இந்தக் குழப்பம்? நல்ல பள்ளி இருக்கும் பகுதியில் வாடகை இரண்டு மடங்கு என்றாலும் அங்கேயே வீடு பார்த்துவிட்டோம். கட்டணமில்லாத பள்ளியில் எல்லாக் குழந்தைகளோடும் சமமாக மகள் படிப்பாள் என்று நிம்மதி.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெயர்க் குழப்பம் பெரிய விஷயமில்லை. இங்கிலாந்தில் எந்த ஊர்ப் பையனும் பணம் கட்டிச் சேரலாம் என்பதால் அந்தப் பெயர். 1935இல் டேராடூனில் டூன் பள்ளி வந்தது அதைப் பார்த்துத்தான். அப்புறம் நம் ஊரில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் வரிப்பணத்தில் நடப்பதற்கு அந்தப் பெயர். ஏழைப் பிள்ளைகள் எழுபது பேருக்கு இலவசமாகக் கற்பிக்க 1440இல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றி தொடங்கியதுதான் ஈட்டன் என்ற பப்ளிக் ஸ்கூல் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அதில் பணக்காரப் பிள்ளைகள் நிறைந்தது உலகத்துக்கே தெரியும்.

'எல்லாக் குழந்தைகளோடும் சமமாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. எல்லாக் குழந்தைகளும் அங்கே இருந்தால் வாடகை ஏன் அம்மா இரண்டு மடங்கு? நீங்கள் கொடுக்கப்போவது பள்ளிக் கட்டணம். வசூலிப்பவர் வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

நீங்கள் போகும் டெக்சஸிலேயே இது வழக்காகியிருக்கிறது. பள்ளி மாவட்டம் என்றால் தன் எல்லைக்குள் சொத்து வரி வசூலித்துப் பள்ளிகளை நடத்தும் பகுதி. சான் அன்டோனியோ நகரத்தில் எட்ஜ்வுட் அப்படி ஒரு ஏழை மாவட்டம், அங்கே பெரும்பாலும் மெக்சிக வம்சாவளியினர். 1968இல் பள்ளியின் நிலையைக் கண்டித்து மாணவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை பார்த்த டெமெட்ரியோ ரோட்ரிகஸும் மற்ற பெற்றோரும் நீதிமன்றம் போனார்கள். கணக்கைக் கேளுங்கள். எட்ஜ்வுட்காரர்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே நகரத்துப் பணக்கார அலமோ ஹைட்ஸில் 85 சென்ட். கூடுதல் விகிதத்தில் கட்டியவர்களுக்கு அந்த உள்ளூர் வரியிலிருந்து மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். குறைவாகக் கட்டியவர்களுக்கு 333. மலிவான வீடுகளில் எவ்வளவு வரி போட்டாலும் என்ன தேறும்?

1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று ரோட்ரிகஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி, அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை இல்லையாம்! டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1989இல் எட்ஜ்வுட் பக்கம் நின்றது. 1993 சட்டப்படி இப்போது பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கை மாநிலம் எடுத்துப் பகிர்கிறது. பணம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பிள்ளை எங்கே படிப்பது என்பதை இன்றும் பெரும்பாலும் வீட்டு விலாசம்தான் முடிவு செய்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பெற்றவர்கள் யாராக இருந்தாலும் அந்த வீட்டைத்தான் பார்ப்பார்கள். மகள் நன்றாகப் படிக்கட்டும். ஆனால் அதற்குச் சமம் என்று பெயர் வைக்காதீர்கள். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் கையோடு வைத்திருங்கள், அந்தப் பள்ளியின் எல்லைக்குள் குடியிருக்கிறீர்கள் என்று சேர்க்கையின்போது காட்டச் சொல்வார்கள்.