குமரி மாவட்டத்தில் "வேலை இல்லை" என்பவர்களும் "ஆள் கிடைக்கவில்லை" என்பவர்களும் ஒரே ஊரில் இருப்பது ஏன்?

நாகர்கோவிலில் ஒரு நடுத்தர நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். என்னைக் கேட்டால், இரண்டு தரப்பும் ஆளுக்கொரு விஷயத்தை மறைப்பதுதான் காரணம். ஆள் எடுப்பவர் சம்பளத்தைச் சொல்வதில்லை. வேலைக்கு வருபவர் எத்தனை காலம் இருப்பார் என்பதைச் சொல்வதில்லை.

முதலில் எங்கள் தரப்பு. "தகுதிக்கேற்ற சம்பளம்" என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, கொல்லங்கோட்டிலிருந்து மார்த்தாண்டம் வந்து பஸ் மாறி வரும் பெண்ணை மதியம்வரை உட்கார வைக்கிறோம். கடைசியில் சொல்லும் தொகை அவருடைய ஹாஸ்டல் வாடகைக்கே சரியாகிவிடும். இதை முந்தின நாளே போனில் சொல்லியிருக்கலாமே!

தொகையைச் சொல்பவர்களும் எந்தத் தொகை என்று சொல்வதில்லை. அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், ஊழியரிடம் பிடிப்பார்கள். இஎஸ்ஐ என்ற ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், ஏறக்குறைய 113 ரூபாய். கையில் வருவது 13,087. நிறுவனமோ தன் பங்காக நிர்வாகக் கட்டணம் உட்பட 13 சதவீதமும், இஎஸ்ஐக்கு 3.25 சதவீதமும் கட்டுகிறது. அதையும் சேர்த்து "சம்பளம் 17,400" என்று விளம்பரத்தில் போட்டால் கூட்டல் கணக்கு என்னவோ சரிதான். ஆனால் முதல் மாதச் சம்பளம் வங்கியில் ஏறிய அன்றைக்கே அந்தப் பையன் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவான். எனவே நேர்காணலில் "கையில் எவ்வளவு வரும்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் முதலாளி பிறகு எதற்கும் முகம் சுளிப்பார்.

அடுத்து வேலை தேடுபவர்கள். "பாஸ்போர்ட் எடுத்துவிட்டாயா தம்பி?" என்று கேட்டால் போதும், பாதிப் பேருக்குப் பேச்சு தடுமாறும். அண்ணன் துபாயில், மச்சான் கத்தாரில். விசா வரும்வரை ஒரு வேலை வேண்டும். இல்லையென்றால் டிஎன்பிஎஸ்சி முடிவு வரும்வரை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஓணத்திலிருந்து கிறிஸ்துமஸ்வரை விற்பனைப் பிரிவுக்குக் கூடுதல் ஆள் எங்களுக்கே தேவைப்படுகிறது. சொன்னால் அங்கே போடுவோம். சொல்லாமல் கணக்குப் பிரிவில் சேர்ந்து, ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் வாரத்தில் போனை அணைத்துவிட்டுப் போனால், அடுத்து அதே ஊரிலிருந்து வரும் பையனையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

பயோடேட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. டிடிபி கடையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றில் பெயரை மட்டும் மாற்றித் தருகிறார்கள். தகப்பனார் பெயர் இருக்கும் இடத்தில் வேறு யாருடைய தகப்பனாரோ இருக்கும் தாள்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. "சவாலான பணிச்சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள" என்ற முதல் வரியை நான் படிப்பதே இல்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளில் எந்தெந்த வேலை செய்தீர்கள், யாருடைய கடையில், எந்த ஆண்டு என்று மூன்று வரி இருந்தால் கூப்பிட்டுவிடுவேன். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் சரளமாக மலையாளம் பேசுவார்கள். அதை எழுதுவதே இல்லை! எங்களுக்குத் திருவனந்தபுரம் வாடிக்கையாளர்கள் அதிகம். அந்த ஒரு வரிக்காகவே இரண்டு பேரை எடுத்திருக்கிறேன்.

ஆள் எடுப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேர்காணல் வைக்காதீர்கள். இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் அப்போது ஆலயத்தில் இருப்பார்கள். ஊர் எது என்று கேட்ட பிறகு எந்தத் தெரு, எந்தச் சபை என்று துருவாதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது எதிரில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பதும் அதே ரகம். ஊழியரை நிறுத்தி வைக்க வேறு வழி தெரியாதவர்கள் செய்வது அது.

நேரடியாகச் சந்திக்க விரும்பினால், நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் தனியார் துறை முகாம்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை.

வெளிநாடு போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவர்தான் ஆள் அனுப்பலாம். அவருடைய உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். நம் பக்கத்தில் முகவர் பெரும்பாலும் நம் ஆலயப் பங்கைச் சேர்ந்தவராகவோ பெரியப்பா மகனாகவோ இருப்பார். ரசீது கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேளுங்கள், தர மறுத்தால் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.