ஹியூமன் ஃபேக்டர்ஸ் மேல்படிப்பு: சைக்காலஜி படிக்கறவங்க இப்பவே என்ன பண்ணனும்?

கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. பிஎஸ்சி சைக்காலஜி ரெண்டாவது வருஷம், ப்ளஸ் டூல ஹியூமானிட்டீஸ், மேத்ஸ் பத்தாவதோட சரி. ஹியூமன் ஃபேக்டர்ஸ்ல (மெஷின், கருவி, வேலை பாக்கற எடம் எல்லாத்தையும் மனுஷனுக்கு ஏத்த மாதிரி அமைக்கற துறை) மாஸ்டர்ஸ் பண்ணனும்னு ஆசை, ஆனா யாரக் கேட்டாலும் க்ளினிக்கல் இல்லன்னா கவுன்சிலிங்னே சொல்றாங்களாம், ஹியூமன் ஃபேக்டர்ஸெல்லாம் இஞ்சினியரிங் படிச்சவங்களுக்குன்னு வேற ஒருத்தர் பயமுறுத்தி விட்டுட்டாராம். "இப்ப இருந்தே என்ன படிக்கணும்க்கா?" இதான் கேள்வி.

இஞ்சினியரிங் பயத்த மொதல்ல விடு அம்மணி. இந்தத் துறைய வளர்த்துவிட்டதுல பாதிப் பேரு சைக்காலஜிகாரங்கதான். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பி-17 விமானம் நல்லபடியா எறங்கினதுக்கப்புறம் பைலட் ஃப்ளாப்ப (றெக்கையோட பின்பக்கம் இருக்கற பலகை) மடக்கறதா நெனச்சு சக்கரத்த மடக்கிருவாரு, விமானம் வயித்தோட தரைல உக்காந்துரும். பாத்தா ரெண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்துல. பைலட்ட திட்டறத விட்டுட்டு சுவிட்சோட வடிவத்த மாத்துங்கன்னு சொன்னவரு அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ், அவரு சைக்காலஜிஸ்ட். 1947ல பால் ஃபிட்ஸும் ஜோன்ஸும் 460 "பைலட் தப்பு" சம்பவங்கள எடுத்து அலசினாங்க, அங்கயும் இதே கததான். அதனால உன் டிகிரில கொற ஒண்ணும் இல்ல. க்ளினிக்கலுக்கு வேணுங்கற ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) ரிஜிஸ்ட்ரேஷன் தொல்லையும் இதுக்குக் கெடையாது.

ஆனா இங்க வேணுங்கறது எக்ஸ்பெரிமெண்டல் சைக்காலஜி, அதாவது சோதனை வச்சு அளந்து பாக்கற சைக்காலஜி. சிலபஸ்ல பர்சனாலிட்டி, அப்நார்மல் எல்லாம் பாஸாகற அளவுக்குப் படிச்சாப் போதும் (ப்ரொஃபசருங்க கோவிச்சுக்காதீங்க), பெர்செப்ஷன், அட்டென்ஷன், மெமரி மூணையும் ஆழமாப் படி. சிக்னல் டிடெக்ஷன் தியரி (இரைச்சலுக்கு நடுவுல ஒரு சிக்னல் இருக்கா இல்லையான்னு மனுஷன் எப்படி முடிவு பண்றான்கறது) புரியற வரைக்கும் விடாத. 1954ல வந்த ஃபிட்ஸ் விதியையும் பாத்துக்க: பட்டன் எவ்வளவு தூரத்துல, எவ்வளவு அகலத்துல இருக்குங்கறத வச்சு கை போய்ச் சேர்ற நேரத்தக் கணக்குப் போடலாம், தூரமும் அகலமும் ரெண்டு மடங்கானா நேரம் மாறாது. அந்த ஃபார்முலாவுல லாக் (மடக்கை) வரும். மேத்ஸ் இல்லன்னு சொன்னியே, அந்த லாக்கு, ப்ராபபிலிட்டி, கொஞ்சம் கால்குலஸ், ஃபிசிக்ஸ்ல விசை, டார்க் (சுத்த வைக்கற விசை), இதெல்லாம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ புக்லயே இருக்கு, ஒரு லீவுல முடிச்சரலாம், அதுக்கு மேல இப்ப வேண்டாம்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ்லதான் நெறைய பேர் மாட்டிக்கறாங்க. டி டெஸ்ட் (ரெண்டு சராசரிய ஒப்பிடறது) ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணி எழுதிருவாங்க, ஒரு டேட்டா ஃபைல குடுத்து எந்த டெஸ்ட் போடணும்னு கேட்டா முழிப்பாங்க. ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா (ஒரே ஆள பல நிலைல அளந்து ஒப்பிடறது), ரெக்ரஷன் (ஒண்ண வச்சு இன்னொண்ணக் கணிக்கறது), எஃபெக்ட் சைஸ் (வித்தியாசம் எவ்வளவு பெருசுங்கறது) மூணும் கைக்கு வரணும். இந்தக் கணக்கெல்லாம் போடற சாஃப்ட்வேர்ல ஜாஸ்ப் (JASP), ஆர் (R) ரெண்டும் ஃப்ரீ, காசு குடுத்து வாங்கற எஸ்பிஎஸ்எஸ்ஸ பைரேட்டடாத் தேடி அலையாத. என்பிடெல்ங்கற ஆன்லைன் க்ளாஸ் சைட்ல ஐஐடி குவாஹாட்டிகாரங்க எடுத்த எர்கனாமிக்ஸ் (ஹியூமன் ஃபேக்டர்ஸுக்கே இன்னொரு பேரு) க்ளாஸ் இருக்கு, பாக்கறதுக்குக் காசில்ல.

அப்பறம் ப்ராஜெக்ட். "மன அழுத்தமும் மாணவர்களும்"னு கேள்வித்தாள் குடுத்து வாங்கற ப்ராஜெக்ட் தயவுசெஞ்சு வேண்டாம். உன் ஊர்லயே அருமையான சமாச்சாரம் கெடக்குது. பாலக்காடு போற பஸ்ல மலையாள போர்டு, பொள்ளாச்சில இருந்து வர்றதுல தமிழ் போர்டு, உங்கூட படிக்கறவங்கள்ல ரெண்டும் படிக்கத் தெரிஞ்சவங்க நெறைய பேர் இருப்பாங்க. ஊர்ப்பேர ஸ்க்ரீன்ல ஒரு நொடிக்கும் கம்மியாக் காட்டி, அவங்க போகவேண்டிய பஸ்ஸா இல்லையான்னு கீய அழுத்தச் சொல்லு, எவ்வளவு வேகமா, எவ்வளவு தப்பில்லாமன்னு அளந்துக்க. சைக்கோபைன்னு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, பைத்தான் கொஞ்சம் தெரிஞ்சாப் போதும். கவனம் எங்க வேணும்னா, எழுத்தோட சைஸும் பேரோட நீளமும் ரெண்டு மொழிலயும் ஏறக்கொறைய ஒண்ணா இருக்கணும், பாதிப் பேருக்குத் தமிழ் மொதல்ல, மீதிப் பேருக்கு மலையாளம் மொதல்ல காட்டணும், வீட்ல எது பேசறாங்க, ஸ்கூல்ல எந்த மீடியம்னு கேட்டு எழுதி வச்சுக்கணும், இல்லன்னா கடைசில வித்தியாசம் எழுத்தாலயா பழக்கத்தாலயான்னே சொல்ல முடியாது. முடிஞ்சதும் நாசா டிஎல்எக்ஸ் ஃபார்ம குடு. வேலை எவ்வளவு பாரமா இருந்துச்சுன்னு ஆறு அளவுல கேக்கறது, 1988ல இருந்து புழக்கத்துல இருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எதிக்ஸ் அனுமதியும், கலந்துக்கறவங்க கையெழுத்தும் வாங்கிரு. ரிசல்ட் "வித்தியாசம் இல்ல"ன்னு வந்தாலும் அப்படியே எழுது. அட்மிஷன் இன்டர்வியூல இத வச்சே பேசலாம், ரெக்கமண்டேஷன் லெட்டர் குடுக்கற ப்ரொஃபசருக்கும் எழுத விஷயம் கெடைக்கும்.

அட்மிஷனுக்கு நம்ம நாட்டுல ரெண்டு வழி. டிசைன் பக்கம் எர்கனாமிக்ஸ் வேணும்னா சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி பாம்பே, குவாஹாட்டி மாதிரி எடத்துல எம்டெஸ் (டிசைன்ல மாஸ்டர்ஸ்), பன்னெண்டாவதுக்கப்புறம் மூணு வருஷ டிகிரி எதுவா இருந்தாலும் எழுதலாம், ஆனா ட்ராயிங் வரும், பழகணும். ஆராய்ச்சி பக்கம்னா காக்னிட்டிவ் சயின்ஸ் (மூளையும் மனசும் எப்படி வேலை செய்யுதுங்கற படிப்பு), ஐஐடி காந்திநகர்லயும் அலகாபாத் யுனிவர்சிட்டிலயும் எம்எஸ்சி இருக்கு. கேட் (GATE) நுழைவுத் தேர்வுல எக்ஸ்ஹெச் (XH, ஹியூமானிட்டீஸ்) பேப்பர்ல சைக்காலஜி பிரிவு இருக்கு, எழுதாட்டியும் அந்த சிலபஸ டவுன்லோட் பண்ணி வச்சுக்க, எது தெரியும் எது தெரியாதுன்னு அதுலயே புரிஞ்சுரும்.

அமெரிக்கா போற நெனப்பு இருந்தா ஒரு சிக்கல் இருக்கு. அங்க பல யுனிவர்சிட்டில மொத்தம் பதினாறு வருஷப் படிப்பு கேப்பாங்க, மூணு வருஷ டிகிரிய சில எடத்துல ஒத்துக்க மாட்டாங்க. கேரளாவுல 2024ல இருந்து நாலு வருஷ டிகிரி வந்துருச்சு, அதனால மூணாவது வருஷத்தோட வெளிய வந்துராம நாலாவதும் இரு. அதுல ரிசர்ச்சோட ஹானர்ஸ் எடுக்கணும்னா மொதல் ஆறு செமஸ்டர்ல 75 சதவீதம் வேணும்கறது யுஜிசி கணக்கு, உங்க டிபார்ட்மெண்ட்ல அந்த சீட் எத்தனை, கைட் யாருன்னு இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள கேட்டுரு.