எம்எல்டி: தங்கச்சிக்கு லிப்மெல்டி கிடைக்குமா?

மூளை நரம்பை அழிக்கிற பரம்பரை நோயான எம்எல்டி (மெட்டாகுரோமாடிக் லூக்கோடிஸ்ட்ரோஃபி) அண்ணனுக்கு இருக்கு, எட்டு மாசத் தங்கச்சிக்கு அதுக்கான ஜீன் சிகிச்சை லிப்மெல்டி கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. சின்னவளுக்கு வாய்ப்பு இருக்கு, நடை போயிட்ட அண்ணனுக்கு இல்லைங்க, இதை எழுதவே மனசு கேக்கல. குழந்தையோட சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, இந்த நோயில குறையுற என்சைமைச் செய்யுற ஏஆர்எஸ்ஏ ஜீனை ஏத்தித் திருப்பி விடுறாங்க, ஆனா அந்த செல் மூளைக்குள்ள போய் என்சைம் சுரக்க மாசக்கணக்குல ஆகும், அதுக்குள்ள அழிஞ்ச நரம்பு திரும்பாது.

எட்டு மாசக் குழந்தைக்கு என்சைம் கம்மின்னு மட்டும் வந்திருக்குன்னு சொல்றீங்க, அது போதாது. சூடோடெஃபிஷியன்சின்னு ஒண்ணு இருக்கு, அளவு கம்மியா காட்டும், நோய் இருக்காது. யூரின் சல்ஃபடைட் (அந்த என்சைம் இல்லாம உடம்புல தேங்குற கொழுப்பு), ஜீன் டெஸ்ட் ரெண்டையும் உடனே கேளுங்க, அண்ணனோட ஜீன் ரிப்போர்ட்டையும் கையோட கொண்டு போங்க.

உறுதியாச்சுன்னா அறிகுறி வர்றவரை காத்திருக்காதீங்க, இங்கிலாந்துல மான்செஸ்டர்லதான் குடுக்குறாங்க. செல்லைத் திருப்பி விடுறதுக்கு முன்னாடி புசல்ஃபான்ங்கிற கீமோ மருந்து உண்டு, அது பின்னாடி குழந்தைப்பேறை பாதிக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட பேசிடுங்க.