வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று: தாய்ப்பால் கேள்வி-பதில்

மகனுக்கு ஒன்றரை வயது, இன்னும் பால் குடிக்கிறான். நான் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். பால் கொடுத்தால் கரு கலைந்துவிடும் என்கிறார் மாமியார். (வாசகி, செந்தூல்)

பிள்ளை சப்பும்போது ஆக்ஸிடோசின் சுரக்கும். பிரசவத்தில் கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதும் அதே ஹார்மோன்தான், பயம் அங்கிருந்து வருகிறது. ஆனால் கடைசி மாதங்கள் வரை கர்ப்பப்பை அதற்கு அவ்வளவாக மசியாது. சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் தாராளமாகக் கொடுங்கள். முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், இப்போது உதிரம் படுகிறவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், கர்ப்பப்பை வாய் குட்டையாக இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடரக் கூடாது. அடுத்த முறை பிங்க் புத்தகத்தோடு (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) கிளினிக்குக்குப் போகும்போது, "மூத்தவன் இன்னும் பால் குடிக்கிறான்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் அவருக்கும் நிம்மதி. பால் கொடுத்து முடித்த பிறகும் வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, உதிரம் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மகளுக்குப் பதினோரு மாதம், எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். நாலு இழுப்பு இழுத்துவிட்டு அழுகிறாள். (வாசகி, பட்டர்வொர்த்)

பால் வற்றியிருக்கும். நான்கு, ஐந்தாம் மாதத்தில் கர்ப்ப ஹார்மோன்கள் பாலைக் குறைத்துவிடும். ருசியும் மாறி, இனிப்பு குறைந்து உப்புக் கரிக்கும். என்ன சாப்பிட்டாலும் பழைய அளவுக்கு வராது. ஒரு வயது நிரம்பாத பிள்ளை என்பதால் ஃபார்முலா பாலைத் தள்ளிப்போடாதீர்கள். கிளினிக்கில் எடை பாருங்கள். பால் வற்றியதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

கர்ப்பிணியின் பால் சூடு, மூத்த பிள்ளைக்கு வயிற்றாலை போகும் என்கிறார்களே? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

கர்ப்பத்தால் பால் கெட்டுப்போகாது. பிரசவத்துக்கு முன்பே பால் சீம்பாலாக மாறுவதால் கொஞ்சம் இளகிப் போகலாம், அவ்வளவுதான். காய்ச்சல், வாந்தி இருந்தால் காரணம் வேறு, டாக்டரிடம் காட்டுங்கள்.

காம்பு எரிகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறேன். மகனுக்கு இரண்டு வயதாகிவிட்டது. வேப்பெண்ணெய் தடவி மறக்கடிக்கலாமா? (வாசகி, ஜெலுத்தோங்)

நிறுத்துவது உங்கள் விருப்பம், வலி ஒன்றே போதுமான காரணம். ஆனால் வேப்பெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது உள்ளே போய்ச் சிறு பிள்ளைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்ததை 1981-லேயே நம் மலேசிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வீடுகளில் இன்னும் அந்தப் பாட்டில் இருப்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். முதலில் பகல் பாலை விடுங்கள். அவன் மடியேறும் நேரத்தில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து வெளியே நடத்திப் போங்கள். தூங்கும் நேரத்துப் பாலைக் கடைசியில் விடலாம். அதுவரை பத்து எண்ணும் வரைதான் என்று பேசி வையுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

சின்னது பிறந்த பிறகு இரண்டு பேருக்கும் கொடுக்கலாமா? (வாசகி, ஜார்ஜ்டவுன்)

கொடுக்கலாம். முதல் சில நாள் சீம்பால் சின்னதுக்குத்தான் முதலில், அது குடித்து முடித்த பிறகு பெரியது. ஆளுக்கொரு பக்கம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அப்புறம், கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது.