மாடிக்குப் போனீர்களா?

அன்புள்ள ஐயா,

மகன் வீட்டுக்கு டொராண்டோ வந்திருக்கிறேன். பேரனோடு டிவி பார்த்து, இந்த வயதில் எனக்கு ஐஸ் ஹாக்கி பைத்தியம் பிடித்துவிட்டது. ‘ஹாக்கியின் கோயில்’ என்று அவன் சொன்ன மேப்பிள் லீஃப் கார்டன்ஸைப் பார்க்கப் போனோம். உள்ளே மளிகைக்கடை! ஆடுகளத்தின் நடுப்புள்ளி இதுதான் என்று தரையில் ஒரு சிவப்புப் பொட்டு. அதன்மேல் தள்ளுவண்டி உருட்டிக்கொண்டு போகிறார்கள். பழைய தியேட்டரைக் கல்யாண மண்டபம் ஆக்குவதெல்லாம் நம்மூரில்தான் என்று நினைத்திருந்தேன். இவர்களுமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

மாடிக்குப் போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்கிறேன்.

லாப்லாஸ் கடை 2011இல் கீழே வந்தது. மறுவருடமே மேலே ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அரங்கம் திறந்தாயிற்று. மூன்றாவது மாடியில் பனித்தளம் இருக்கிறது, ஆட்டமும் நடக்கிறது. அந்தக் காலத்தில் ரசிகர்கள் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்த அதே குவிமாடக் கூரை, தளம் மேலே ஏறிவிட்டதால், இப்போது தலைக்குக் கிட்டத்தில் வந்து நிற்கிறது. அதன் இரும்புச் சட்டங்களை இவ்வளவு நெருக்கத்தில் அன்றைய ரசிகன் பார்த்திருக்க மாட்டான்.

அந்தச் சிவப்புப் பொட்டில் நானும் நின்றிருக்கிறேன், கடையின் 25ஆம் அலமாரி வரிசையில். பரவசமாகக் கண்ணை மூடினேன். ஒரு அம்மா ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று என்னை ஒதுக்கிவிட்டு, பின்னாலிருந்த அலமாரியில் டின் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். சிரிப்புதான் வந்தது.

கோயில் என்கிறீர்கள். 1931இல், பொருளாதார மந்தக் காலத்தில், ஆறே மாதத்துக்குள் எழுப்பிய கட்டடம். கையில் காசு போதாமல், கூலியில் ஒரு பகுதிக்குப் பங்குப் பத்திரம் கொடுத்துத்தான் வேலையை முடித்தார், இங்கே ஆடிய மேப்பிள் லீஃப்ஸ் அணியை நடத்திய கான் ஸ்மைத். பிறப்பிலேயே அது வியாபாரம்தான். ஃபாஸ்டர் ஹெவிட் 56 அடி உயரத்தில் ஒரு கூண்டில் உட்கார்ந்து வானொலியில் வர்ணனை செய்வார், சனிக்கிழமை இரவுகளில் கனடா முழுக்கக் காது கொடுக்கும். அந்தக் கூண்டை 1979இல் கழற்றி எரித்துவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர்கள் அல்ல, ஹாக்கி நடத்தியவர்களே. ஊழியர்கள் சிலர் பல வருடங்களாகச் சிறுவர்களைச் சீரழித்ததும் இதே கூரையின் கீழ்தான். 1997இல்தான் அது வெளியே வந்தது. ஆகவே கோயில் என்ற சொல்லை நான் எடுப்பதில்லை.

ஆனால் ஒரு இடத்தை மட்டும் தேடியிருக்கிறேன். 1951 ஏப்ரல் 21, ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம், மான்ட்ரியால் அணியோடு. ஐந்து ஆட்டமுமே கூடுதல் நேரத்துக்குப் போன தொடர். பில் பாரில்கோ என்ற தடுப்பாட்டக்காரர் முன்னால் பாய்ந்து, விழுந்துகொண்டே அடித்தார். கோல்! கோப்பை லீஃப்ஸுக்கு. அந்தரத்தில் கிடக்கும் அவருடைய போட்டோ இன்றும் கிடைக்கும். நான்கு மாதம் கழித்து மீன் பிடிக்க வடக்கே சிறு விமானத்தில் போனவர் திரும்பவில்லை. லீஃப்ஸ் அடுத்த கோப்பையை வென்றது 1962இல். அதற்கடுத்த சில வாரங்களில்தான், காட்டுக்குள் பாரில்கோவின் விமானமும் உடலும் கிடைத்தன. இதைக் கேட்டவன் யாரும் ஏதோ விதி என்று நினைக்காமல் இருக்க முடியாது, நான் உட்பட. அந்த கோல் விழுந்த இடத்தில் இன்று எந்த அலமாரி நிற்கிறதோ, எனக்குப் பிடிபடவில்லை. அங்கே பொட்டும் கிடையாது. உங்கள் கோபம் எனக்கும் வருவது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இதே போன்ற பழைய ஹாக்கி அரங்கமான சிகாகோ ஸ்டேடியத்தை 1995இல் இடித்தார்கள், அந்த இடம் கார் நிறுத்துமிடம் ஆயிற்று. பாஸ்டன் கார்டனும் போயிற்று. இங்கே மஞ்சள் செங்கல் சுவர் நிற்கிறது, மேலே பையன்கள் சறுக்குகிறார்கள். கீழே தக்காளி விற்றால் விற்கட்டும்.

பேரனைக் கூட்டிக்கொண்டு, மாணவர்களின் ஆட்டம் இருக்கும் நாளாகப் பார்த்து மறுபடி போங்கள். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம். காலேஜ் ஸ்டேஷனில் இறங்கியதும் வெளியே ஓடிவிடாமல் சுவரைப் பாருங்கள். ஒரு பக்கம் லீஃப்ஸ் ஆட்டக்காரர்கள், எதிர்ப்பக்கம் மான்ட்ரியால்காரர்கள், ஆளுயரத்துக்கும் மேலே ஓவியமாக முறைத்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் தண்டவாளம்.