மோர்வான் மலைக்காட்டில் சைக்கிள்: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

பிரான்சின் மோர்வான் மலைக்காட்டுக் கிராமங்களில் சைக்கிளில் சுற்றியதைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அக்காவைப் புதுச்சேரியில் ஒரு சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தில், கொடுத்தோம். இப்போது அவர்கள் டிஜோன் நகரில் இருக்கிறார்கள். அக்கா மகன்தான் என்னோடு சைக்கிள் ஓட்டியவன். இரண்டு தடவை போனோம், இரண்டும் ஜூன் மாதத்தில்.

டீச்சர், பிரான்ஸ், சைக்கிள் என்றாலே ஆல்ப்ஸ் மலைப் பந்தயம்தான் ஞாபகம் வருகிறது. நீங்கள் ஏன் மோர்வான் போனீர்கள்? எந்த வழியாகப் போகலாம்?
(நெல்லிக்குப்பம் வாசகர்)

ஆல்ப்ஸ் கணவாய்களில் ஏற ஆரம்பித்தால் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். மோர்வான் அப்படியில்லை. பாரிசுக்குத் தென்கிழக்கே, பர்கண்டிப் பகுதியில் இருக்கிற கருங்கல் மேடு அது. அங்கே மிக உயரமான இடமே 901 மீட்டர்தான். நம் ஏற்காட்டை விடத் தாழ்வு. ஏறுவோம், இறங்குவோம், ஒரு ஓடையைத் தாண்டுவோம், மறுபடி ஏறுவோம். எல்லாம் சின்னச் சின்ன ஏற்றங்கள். நடுவில் இருபது முப்பது வீடும் ஒரு பழைய கோயிலும் உள்ள கிராமங்கள். 1970இல் இந்தப் பகுதியை இயற்கைப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள் என்பதால் பெரிய ஆலை, பெரிய சாலை எதுவும் கண்ணில் படாது.

பாரிஸ் பெர்சி நிலையத்தில் ரயில் ஏறி ஓசேரில் இறங்குங்கள். (எழுத்தில் எக்ஸ் இருக்கும், ஆனால் வாயில் ஓசேர்தான்.) அங்கிருந்து நிவெர்னே கால்வாய்க் கரையோடு கிளாம்சி வரை 60 கிலோமீட்டர் சொச்சம், முழுக்கச் சமதளம். படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்குகிற மதகுகள் வழி நெடுக உண்டு. ஒவ்வொன்றிலும் நின்று பார்த்துக்கொண்டே போனால் இரண்டு நாள் ஆகும். ஆகட்டும். நேர மாற்றக் களைப்பு அதற்குள் போய்விடும், கால்களும் பழகிவிடும்.

கிளாம்சியில் கொஞ்சம் நில்லுங்கள். 16ஆம் நூற்றாண்டிலிருந்து முந்நூறு வருடங்களுக்கு மேல் பாரிஸ் அடுப்புகளுக்கு விறகு போனது இந்த ஊர் வழியாகத்தான். மோர்வானில் வெட்டிய கட்டைகளைச் சிற்றாறுகளில் உருட்டிவிடுவார்கள். இங்கே அவற்றைப் பிடித்துத் தெப்பமாகக் கட்டி யோன் ஆற்றில் மிதக்கவிட்டுப் பாரிசுக்குக் கொண்டுபோவார்கள். நம் கடற்கரைச் சவுக்குத் தோப்பு விறகு லாரி லாரியாகச் சென்னைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தப் பாலத்தில் நின்றபோது அது அந்நிய ஊராகவே தோன்றவில்லை.

அடுத்தது 25 கிலோமீட்டரில் வேஸ்லே. குன்றின் உச்சியில் மகதலேனா பேராலயம். 1146இல் பெர்னார் துறவி இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டியது இந்தக் குன்றில்தான். 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் உச்சிவேளையில் அங்கே இருங்கள். கோடைக்காலத்தில் அவர்கள் கடிகாரம் சூரியனைவிட முந்திப் போவதால், உச்சிவேளை என்பது மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்பு வரும். தெற்குப் பக்கத்து மேல் ஜன்னல்கள் வழியாக இறங்கும் வெயில், நடுக்கூடத்தின் சரிபாதியில் வட்டம் வட்டமாக விழுகிறது. வாசலிலிருந்து பீடம் வரை ஒரே நேர்கோடு, கோலப்புள்ளி வைத்த மாதிரி. கட்டியவர்களுக்குச் சூரியனின் போக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. முப்பது வருடம் கரும்பலகையில் பூமியின் சாய்வைப் படம் போட்டுக் காட்டியவள் நான். அன்றைக்கு அந்தச் சாய்வு கல் தரையில் என் காலடியில் கிடந்தது. சைக்கிள் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு வெளிச்ச வட்டத்தில் கையை வைத்துப் பார்த்தேன். கல் வெதுவெதுப்பாக இருந்தது.

வேஸ்லேயைத் தாண்டினால்தான் காடு. முதலில் காரே-லே-தோம்ப் என்ற ஊர் வரும். கோயிலைச் சுற்றிலும் நூற்றுக்கு மேல் பழைய கல் சவப்பெட்டிகள் கிடக்கும். அப்புறம் செட்டோன் ஏரி. விறகுத் தெப்பங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதற்காகவே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அணை கட்டி உண்டாக்கியது. போகிற வழியில் தன்-லே-பிளாஸ் கிராமத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நடங்கள். 1944 ஜூன் கடைசியில் ஜெர்மானியப் படை அங்கே 27 பேரைக் கொன்றது. கோயில் பக்கத்தில்தான் அது நடந்தது.

அலிஞ்ஞியில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் மோர்வான் பெண்கள் தங்கள் கைக்குழந்தையை ஊரில் விட்டுவிட்டுப் பாரிஸ் பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கப் போனார்கள். அந்தக் காசில் ஊரில் எழுந்த வீடுகளுக்குப் 'பால் வீடு' என்றே பெயர். அதே காலத்தில் பாரிசில் கைவிடப்பட்ட குழந்தைகள் வளர்ப்புக்காக இதே கிராமங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். தாய் அந்தப் பக்கம் போக, பிள்ளை இந்தப் பக்கம் வர, இரண்டுக்கும் ஒரே வழி. நம் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அன்று மேற்கொண்டு ஓட்டாமல் அந்த ஊரிலேயே தங்கிவிட்டோம்.

கடைசியாக பேவ்ரே மலை, 821 மீட்டர். உச்சியில் பிப்ராக்த் என்ற கோட்டை நகரம் இருந்தது. ரோமானியர் வருவதற்கு முன் பிரான்சில் வாழ்ந்த கோல் மக்களுடையது. கி.மு. 52இல் ரோமானியரை எதிர்த்துப் போரிட வெர்சிஞ்செதோரிக்ஸ் என்பவனை அவர்கள் தலைவனாக ஏற்றுக்கொண்ட இடம். இன்று பீச் மரங்களுக்கு நடுவே கோடையில் அகழாய்வு நடக்கிறது. அங்கிருந்து ரோமானியர் கால நகர வாசல்கள் இன்னும் நிற்கிற ஓட்டன் நகருக்கு இறங்கிவிடலாம். நாளுக்கு 30, 35 கிலோமீட்டர் போதும். அதற்கு மேல் ஓட்டினால் ஊர்களைப் பார்க்க நேரம் இருக்காது.

அந்தப் பக்கத்துக்கும் நம் நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
(புதுச்சேரி, குருசுக்குப்பம் வாசகர்)

உண்டு. ராமகிருஷ்ணர், விவேகானந்தர், காந்தி மூவரின் வரலாற்றையும் பிரெஞ்சில் எழுதிய ரொமேன் ரோலான் 1866இல் கிளாம்சியில் பிறந்தவர். 1944இல் வேஸ்லேயில் காலமானார். 1931 டிசம்பரில் காந்தி சுவிட்சர்லாந்தில் அவரைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். வேஸ்லேயில் ரோலான் வாழ்ந்த வீடு இப்போது ஓவிய அருங்காட்சியகம். ஜன்னலிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் மோர்வான் மலைகளும் தெரிகின்றன.

எங்கள் ஊரில் மேடே கிடையாது. எப்படிப் பயிற்சி எடுப்பது? என்ன சைக்கிள் வேண்டும்?
(சிதம்பரம் வாசகர்)

தம்பி, கடலூருக்கு வாருங்கள், கேப்பர் மலை இருக்கிறது. திருவந்திபுரம் பக்கத்திலிருந்து ஏறுகிற சாலையில் காலை ஆறு மணிக்கு முன்னால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பத்து நடை பழகினோம். வெறும் சைக்கிளில் அல்ல. கேரியரின் இரண்டு பக்கமும் பை மாட்டி, பக்கத்துக்கு ஐந்து கிலோ அரிசி வைத்து. பாரம் ஏறினால் சைக்கிளின் குணமே மாறிவிடும், இறக்கத்தில் பிரேக் பிடிப்பதும் வேறாகிவிடும். அதை இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

சைக்கிளில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரத்தைவிடப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் பல் அதிகமாக இருக்க வேண்டும். என்னுடையதில் முன்னால் 28, பின்னால் 34. அதில் எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் உட்கார்ந்தபடியே மெதுவாக மிதித்து ஏறலாம். டயர் 35 மில்லிமீட்டராவது இருக்கட்டும். இன்னொன்று, நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் வால் டியூப் அங்கே கிடைக்காது. மெல்லிய பிரெஸ்டா வால்வுதான் பெரும்பாலும். உங்கள் பம்ப் அதற்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொண்டு புறப்படுங்கள்.

வழி பார்க்க மிஷ்லின் காகித வரைபடம் வாங்குங்கள். ஏற்றம் உள்ள இடங்களில் சாலை மேலேயே அம்புக்குறி போட்டிருப்பார்கள். ஒரு குறி என்றால் சரிவு 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். ஓரத்தில் பச்சைக் கோடு ஓடினால் அழகான சாலை. முதல் நாள் இரவே குறிகளை எண்ணி வைத்துவிடுவேன். மூன்று குறி உள்ள சாலையை மத்தியானத்துக்கு வைக்க மாட்டேன்.

சுத்த சைவம் நான். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
(பண்ருட்டி வாசகர்)

தைரியமாகப் போகலாம் ஐயா. பிரான்சில் சைக்கிள் பயணத்தை மக்களிடம் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர், 'வெலோசியோ' என்று பெயர் பெற்ற போல் தெ விவி (1853–1930). அவரே சைவம்தான். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்று சொல்லிவைத்தவர் அவர்.

கடை திறந்திருக்கும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சாத்தினால் இரண்டுக்கு மேல்தான் திறப்பார்கள். ஞாயிறு மத்தியானமும் திங்கட்கிழமையும் பல கிராமங்களில் ஒன்றுமே கிடைக்காது. முதல் பயணத்தில் ஒரு திங்கட்கிழமை இரண்டு ஊர்களில் கதவடைப்பு. கையிலிருந்த அரை ரொட்டியில் இட்லிப் பொடியைத் தூவி நல்லெண்ணெய் விட்டு, ஒரு கோயில் படியில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். அதன் பிறகு ஒரு வேளைச் சாப்பாடு எப்போதும் பையில் இருக்கும். டின்னில் வேகவைத்த பயறு, தக்காளி, பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா வேண்டாம். பால் பொருள்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். குடிக்கக் கூடாத தண்ணீர் என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலை விதிகள்?
(விருத்தாசலம் வாசகர்)

வலது பக்கம் ஓட்ட வேண்டும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. கிராமத்துக்குள் இது ரொம்ப முக்கியம். காதில் ஹெட்போன் கூடாது. ஊருக்கு வெளியே இருட்டிலும் மூடுபனியிலும் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். ஊருக்கு வெளியே கார்கள் நம்மைவிட்டு ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் முந்த வேண்டும் என்பது சட்டம். நான் பார்த்தவரை மதிக்கிறார்கள். அவசரத்துக்கு 112.

எனக்கு 54 வயது. கணவர் வர மாட்டார். தனியாகப் போக ஆசை. போகலாமா டீச்சர்?
(புதுச்சேரி, முத்தியால்பேட்டை வாசகி)

போங்கள் சகோதரி. முதல் முறை ஓசேர், கிளாம்சி, வேஸ்லே இந்த மூன்று ஊர் மட்டும் போதும். கால்வாய்க் கரையில் வழி தவறவே முடியாது. 'அக்கேய் வெலோ' என்ற பலகை உள்ள விடுதிகளில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் தருவார்கள். காட்டுப் புல்லில் உட்கார்ந்து எழுந்தால் சாயங்காலம் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அதனால் லைம் என்ற காய்ச்சல் வரும். விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

என்னிடம் அந்தப் பகுதி மிஷ்லின் வரைபடம் இரண்டு இருக்கிறது. ஒன்றில் நாங்கள் தங்கிய ஊர்களையும் நல்ல தண்ணீர்க் குழாய்களையும் பென்சிலால் குறித்திருக்கிறேன். பத்திரிகை அலுவலகத்துக்கு உங்கள் முகவரியை எழுதி அனுப்புங்கள். குறித்ததையே உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.